வழிபாடுகளில் குறைவில்லை, உள்ளம் ஏன் வறண்டிருக்கிறது?

நெல்லைச் சீமை (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் கிறிஸ்துவின் நாமத்தில் அன்பின் வாழ்த்துகள். நான் தென்னிந்தியத் திருச்சபையின் திருநெல்வேலித் திருமண்டலத்துச் சபை ஒன்றில் பிறந்து வளர்ந்தவன். அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராகப் பணிபுரிகிறேன். ஞாயிறு ஆராதனை, பாடகர் குழுப் பயிற்சி, வெள்ளிக்கிழமை உபவாச ஜெபம், திருவிருந்து, ஆண்டுதோறும் கன்வென்ஷன் கூட்டங்கள், வீட்டில் இரவுக் குடும்ப ஜெபம் என்று எதையும் விட்டதில்லை. ஓராண்டில் வேதத்தை வாசித்து முடிக்கும் அட்டவணையையும் பின்பற்றி வருகிறேன். ஆயினும், அன்றைய அதிகாரங்களை வாசித்துக் குறியிட்ட பின்பு, என்ன வாசித்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டால் பதில் வருவதில்லை. பாமாலை பாடும்போது சுருதி சேருகிறதா என்பதிலேயே கவனம் நின்றுவிடுகிறது. திங்கட்கிழமை காலையில் கோப்பைத் திறந்ததும், நேற்று ஆலயத்தில் இருந்தவன் வேறு, இந்த மேசையின் முன் இருப்பவன் வேறு என்று தோன்றுகிறது.

விசுவாசத்தில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் விசுவாசிக்கிற தேவனோடு வாழ்கிறேன் என்ற நிறைவு இல்லை. இன்னும் ஒரு கூட்டம், இன்னும் ஒரு உபவாசம் என்று கூட்டிக்கொண்டே போவதுதான் வழியா? வேலையும் குடும்பமும் உள்ள ஒரு சாதாரண மனிதன் அந்த உறவில் ஆழமாவதற்கு வேறு வழி உண்டா? எந்தத் திருச்சபையைச் சேர்ந்தவராயினும் தயங்காமல் எழுத வேண்டுகிறேன்.

நாசரேத் ஆசிரியை

தம்பி, கூட்டிக்கொண்டே போவது வழியல்ல என்பதே என் துணிபு. நம் பக்கத்துச் சபைகளில் பக்தி என்பது கலந்துகொண்ட கூட்டங்களின் பட்டியலாக ஆகிவிட்டது. நம்மை அப்படிப் பழக்கியவர்களும் நல்லெண்ணத்தோடுதான் பழக்கினார்கள். அந்த அட்டவணையைச் சில காலம் மூடி வையுங்கள். ஒரே ஒரு சங்கீதத்தை எடுத்துக்கொண்டு வாரம் முழுவதும் அதிலேயே இருங்கள். உதட்டுக்குள் முணுமுணுக்காமல், காதில் விழும்படி வாய்விட்டு வாசியுங்கள். ஏதேனும் ஒரு வரி உங்களைத் தடுத்து நிறுத்தினால் அங்கேயே நின்றுவிடுங்கள். மீதியை முடித்தாக வேண்டும் என்று யாரும் கட்டளையிடவில்லை.

13-ஆம் சங்கீதத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று கேட்கிற தாவீது, தன் வறட்சியை மறைத்துவிட்டுத் தேவனிடம் போகவில்லை. அந்த வறட்சியையே எடுத்துக்கொண்டு போகிறான். நம் ஜெபங்களில் இந்த நேர்மை அருகிவிட்டது. உள்ளே ஒன்றுமில்லாத நாளிலும் நிறைந்து வழிகிறவர்களைப் போலவே நாம் ஜெபிக்கிறோம். பிறகு, ஜெபத்தில் ஏன் உயிரில்லை என்று வியக்கிறோம்.

இன்னொன்றையும் சொல்ல விரும்புகிறேன். எங்கள் அம்மா உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடியை எடுத்து, அடுப்படி மாடத்தில் இருந்த தகர டப்பாவில் போடுவார்கள். நம் சபைகளில் வழக்கமாயிருந்த பிடியரிசிக் காணிக்கைதான் அது. ஆனால் அந்தக் கை டப்பாவின் மேல் இருக்கும்போதே, வீட்டில் ஒருவருடைய பெயரையும், தெருவில் நோயாய்க் கிடக்கும் ஒருவருடைய பெயரையும் சொல்லி, "ஆண்டவரே, பார்த்துக்கொள்ளும்" என்பார்கள். பிறகு அரிசி களைவார்கள். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அம்மாவுக்குத் தனி ஜெப அறையும் இல்லை, கன்வென்ஷனுக்குப் போக வசதியும் இல்லை. ஆனால் நாள்தோறும் தவறாமல் செய்தாக வேண்டிய ஒரு வேலையோடு ஜெபத்தைச் சேர்த்து வைத்திருந்ததால், வேலை வந்த போதெல்லாம் ஜெபமும் வந்தது. உங்கள் நாளில் அப்படி எந்த வேலை தவறாமல் வருகிறது என்று பாருங்கள்.

சென்னை வாசகர்

இந்தக் கேள்வியை என் ஊர்ச் சபையில் எழுப்பினால் பின்மாற்றக்காரன், அதாவது விசுவாசத்தைவிட்டு விலகிப்போனவன், என்று நினைத்துவிடுவார்களோ என்று அஞ்சி இதுவரை கேட்காமலே இருந்தவன் நான். இழையைத் தொடர்ந்து வாசிக்கிறேன்.

தரங்கை லுத்தரன்

சகோதரர் கேட்டதற்கு எங்கள் மரபிலிருந்து ஒரு செய்தியைத் தருகிறேன். மார்ட்டின் லுத்தருக்கு முடி திருத்துபவரான பேதுரு என்ற நண்பர் இருந்தார். எப்படி ஜெபிப்பது என்று அவர் கேட்டதற்கு, 1535-ஆம் ஆண்டில் லுத்தர் ஒரு நீண்ட கடிதமாகவே பதில் எழுதினார். துறவியும் இறையியல் பேராசிரியருமாக இருந்த ஒருவர், கடையில் நின்று உழைக்கும் ஒரு மனிதருக்காக எழுதிய கடிதம் என்பதாலேயே அது நமக்கு அருமையானது. கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வேறு எங்கோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும் நாவிதன் வந்தவருடைய மூக்கையோ வாயையோ வெட்டிவிடுவான். ஜெபத்துக்கும் அதே ஒருமுகப்பட்ட கவனம் வேண்டும் என்று நண்பரின் தொழிலையே அதில் உவமையாக்குகிறார்.

அதில் அவர் காட்டும் முறை எளியது. பத்துக் கற்பனைகளில், அதாவது வேதத்தில் உள்ள பத்துக் கட்டளைகளில், ஒன்றை எடுத்து, அதை நான்கு புரிகள் கொண்ட மாலையாகத் திரிக்கச் சொல்கிறார்: இது எனக்கு எதைக் கற்பிக்கிறது, இதில் எதற்காக நன்றி சொல்ல வேண்டும், இதில் எதை அறிக்கையிட வேண்டும், இதைக் கொண்டு எதைக் கேட்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு கற்பனை போதும். "களவு செய்யாதிருப்பாயாக" என்பதை நம் நண்பர் தம் அலுவலக மேசையில் வைத்து இந்த நான்கு கேள்விகளையும் கேட்டுப் பார்க்கட்டும். அரைமணி நேரத்துக்குப் போதிய ஜெபம் அதில் இருக்கிறது.

அதே லுத்தர் 1529-இல் வெளியிட்ட சிறிய ஞானோபதேசம் என்ற விசுவாசப் பாடநூலில், காலை ஜெபத்தை முடித்ததும் பாட்டுப் பாடிக்கொண்டு மகிழ்ச்சியோடு வேலைக்குப் போ என்றுதான் சொல்கிறார். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய லுத்தரன் மிஷனரி சீகன்பால்கு அந்த ஞானோபதேசத்தைத் தமிழாக்கினார். ஆகவே ஜெபத்தையும் வேலையையும் ஒன்றாகப் பார்க்கும் இந்தப் பார்வை தமிழ்ச் சீர்திருத்தச் சபையின் தொடக்கத்திலேயே நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதை இடையில் எங்கோ தவறவிட்டு, பக்தி ஆலய வளாகத்துக்குள் மட்டும் நடக்கிற காரியம் என்று ஆக்கிக்கொண்டோம் என்பது என் வருத்தம்.

மதுரை விசுவாசி

ஐயா, அம்மா, உங்கள் ஆலோசனைகளை மதிக்கிறேன். ஆனாலும் ஒரு பெந்தெகொஸ்தே விசுவாசியாக என் பாரத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. நீங்கள் சொல்வதெல்லாம் முறைகளாகவே இருக்கின்றன. சகோதரருடைய துன்பமே முறைகள் இருந்தும் உயிர் இல்லை என்பதுதானே? யோவான் 7-ஆம் அதிகாரத்தில் ஆண்டவர், தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று அழைத்து, ஜீவத்தண்ணீருள்ள நதிகளைப் பற்றிப் பேசுகிறார். அது ஆவியானவரைக் குறித்துச் சொன்னது என்று வேதமே விளக்குகிறது. சீஷர்களும் எருசலேமில் காத்திருந்துதான் பெற்றுக்கொண்டார்கள். வறண்டவனுக்கு வேண்டியது அட்டவணை மாற்றம் அல்ல, பரிசுத்த ஆவியானவரின் நிரப்புதல். அதற்காக விடாமல் காத்திருந்து மன்றாடும்படி அவரை உற்சாகப்படுத்துவதுதான் நம் கடமை என்று நினைக்கிறேன்.

தரங்கை லுத்தரன்

மதுரைச் சகோதரர் சொல்வதில் உள்ள மையத்தை முழுமனதோடு ஏற்கிறேன். நிறைவு தேவனுடைய ஈவு. எந்த முறையும் அதை உண்டாக்குவதில்லை. நான் குறிப்பிட்ட அதே கடிதத்தில் லுத்தரும் இதைச் சொல்கிறார்: ஜெபித்துக்கொண்டிருக்கும்போது நல்ல எண்ணங்கள் பெருகி வந்தால், மற்ற விண்ணப்பங்களை அப்படியே விட்டுவிட்டு அமைதியாகக் கேள், ஏனெனில் அங்கே பரிசுத்த ஆவியானவரே பிரசங்கம் செய்கிறார் என்கிறார். முறை அந்த இடம் வரைக்கும்தான்.

ஆனால் நிரப்பப்பட்ட பின்பு சீஷர்கள் என்ன செய்தார்கள் என்பதையும் பார்ப்போம். அப்போஸ்தலருடைய உபதேசத்திலும், அந்நியோந்நியத்திலும், அப்பம் பிட்குதலிலும், ஜெபம்பண்ணுதலிலும் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று அப்போஸ்தலர் நடபடிகளின் இரண்டாம் அதிகாரம் சொல்கிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்திலேயே பேதுருவும் யோவானும் குறிக்கப்பட்ட ஜெபவேளையில் தேவாலயத்துக்குப் போகிறார்கள். அக்கினி இறங்கிய பிறகும் மணி பார்த்து ஜெபிக்கப் போனவர்களை முறைக்கு அடிமைப்பட்டவர்கள் என்று நாம் சொல்வதில்லை.

மதுரை விசுவாசி

ஏற்றுக்கொள்கிறேன். இருந்தாலும், நாடித் தேடுகிற தாகம் தணிந்துவிடாதபடி சகோதரர் காத்துக்கொள்ள வேண்டும் என்ற என் வார்த்தையை அவர் மறக்க வேண்டாம். இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டதே அந்தத் தாகம் இருப்பதற்கு அடையாளம். அவருக்காக ஜெபிக்கிறேன்.

இரவுப்பணிச் செவிலி

நான் தீவிர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்கிறேன். மாதத்தில் பாதி நாட்கள் இரவுப்பணி. ஞாயிறு ஆராதனைக்குப் போக முடியாத வாரங்களே அதிகம். "இடைவிடாமல் ஜெபம்பண்ணுங்கள்" என்ற வசனம் என்னைப் போன்றவர்களுக்கு நெடுநாள் குற்ற உணர்வையே தந்துகொண்டிருந்தது. ஆண்டவர் சொன்ன உவமையில் வரும் ஆயக்காரனுடைய, அதாவது வரி வசூலிப்பவனுடைய, ஜெபத்தைக் கற்றுக்கொண்ட பிறகுதான் அது மாறியது: "தேவனே, பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." கிழக்கத்தியத் திருச்சபைகளின் துறவிகள், இந்த ஜெபத்தோடு இயேசுவின் நாமத்தைச் சேர்த்து, மூச்சோடு இணைத்து, நாள் முழுவதும் சொல்லி வந்திருக்கிறார்கள் என்று பிற்பாடு அறிந்தேன்.

ஒவ்வொரு கட்டிலுக்கும் போகுமுன், போய் வந்த பின், கையில் கிருமிநாசினியைத் தேய்த்துக்கொள்வது எங்களுக்குக் கட்டாயம். உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று முழுவதும் தேய்த்து அது காய்வதற்கு ஏறத்தாழ அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தை ஜெபத்துக்குக் கொடுத்துவிட்டேன். போகுமுன், அந்தக் கட்டிலில் இருப்பவருடைய பெயரைச் சொல்லி, இவர்மேல் கிருபையாயிரும் என்பேன்; வந்த பின், என்மேல் கிருபையாயிரும் என்பேன். வேறு எந்த வார்த்தையும் இல்லை. பல இரவுகளில் எந்த உணர்ச்சியும் இருக்காது. ஆனால் செயற்கைச் சுவாசத்தில் இருக்கும் ஒருவருக்கு வாய் துடைத்துவிடும்போது, வெறும் எண் போட்ட படுக்கையாக அவரைப் பார்க்க இப்போது என்னால் முடிவதில்லை. எனக்கு வந்த நிறைவு இதுதான். ஆராதனையில் கண்ணீர் வருவதைவிட இது உறுதியானது என்று எண்ணுகிறேன்.

நாசரேத் அம்மா எழுதிய பிடியரிசியை வாசித்தபோது, இரண்டும் ஒரே காரியம் என்று கண்டு மகிழ்ந்தேன்.

திருச்சி கத்தோலிக்கர்

கத்தோலிக்கனாகிய நானும் பேசலாம் என்பதால் எழுதுகிறேன். புனித இக்னேஷியஸ் லொயோலா (1491–1556) தம் 'ஆன்மிகப் பயிற்சிகள்' என்ற நூலில் தந்திருக்கும் ஆன்ம ஆய்வு, அலுவலகம் செல்லும் ஒருவருக்கு மிகவும் பொருந்தும். இரவில் கால்மணி நேரம் போதும். முதலில் அந்த நாளுக்காக நன்றி. பிறகு, உள்ளதை உள்ளபடி காண ஆண்டவரிடம் ஒளி கேட்டல். அதன்பின் எழுந்தது முதல் அந்த மணி வரை நாளை வரிசையாக நினைத்துப் பார்த்தல். பிறகு மன்னிப்புக் கேட்டல். நாளைக்கு ஒரு தீர்மானம்.

இதில் பலர் தவறுவது மூன்றாவது படியில்தான். அதைப் பாவக் கணக்கு எடுப்பதாக மட்டும் ஆக்கிவிடுகிறார்கள். எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது, யாரைக் கண்டதும் ஒதுங்கினேன், எந்த நேரத்தில் காரணமில்லாமல் அமைதி வந்தது என்று பார்ப்பதே அதன் உயிர். இறைவன் ஏற்கெனவே அந்த நாளுக்குள் வேலை செய்துகொண்டிருந்தார் என்பது நம்பிக்கை. அவர் எங்கே இருந்தார் என்பது தேடல்.

வறட்சியைப் பற்றியும் ஒரு சொல். பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையலறை வேலை செய்த சகோதரர் லாரன்ஸ், 1691-இல் இறந்தவர், அடுப்புக்கும் பாத்திரத்துக்கும் நடுவில் இறைப் பிரசன்னத்தில் வாழ்ந்தவர் என்று எல்லாரும் போற்றுகிறோம். அவருக்குச் சமையல் வேலை இயல்பாகப் பிடித்ததன்று என்பதையும், தொடக்கத்தில் சுமார் பத்து ஆண்டுகள் உள்ளத்தில் மிகவும் துன்பப்பட்டதாக அவரே எழுதியிருப்பதையும் நாம் சேர்த்துச் சொல்வதில்லை. கல்கத்தாவின் அன்னை தெரசா நெடுங்காலம் அனுபவித்த உள்ளிருள், அவர் இறந்து பத்து ஆண்டுகளுக்குப் பின், 2007-இல் அவருடைய கடிதங்கள் நூலாக வெளியானபோதுதான் உலகுக்குப் பரவலாகத் தெரிந்தது. அந்த ஆண்டுகளிலெல்லாம் காலை நாலரை, ஐந்து மணிக்கு எழுந்து செபித்துவிட்டு ஏழைகளிடம் போய்க்கொண்டுதான் இருந்தார்.

மனநல ஆலோசகர்

மேலே எழுதப்பட்ட எதையும் மறுக்காமல் ஒன்றைச் சேர்க்கிறேன். நண்பரே, உங்கள் உறக்கம் எப்படி இருக்கிறது? முன்பு பிடித்தவை அனைத்திலும், அதாவது ஜெபத்தில் மட்டுமல்லாமல் சாப்பாடு, பிள்ளைகளோடு பேச்சு, பாட்டு இவற்றிலும் நாட்டம் குறைந்து வாரக்கணக்கில் நீடிக்கிறதா? அப்படியானால் மருத்துவரைப் பார்ப்பது விசுவாசக் குறைவு அன்று. முதலாம் இராஜாக்கள் 19-இல், போதும் கர்த்தாவே என்று சூரைச்செடியின் கீழ்ப் படுத்துவிட்ட தீர்க்கதரிசி எலியாவுக்குத் தேவன் முதலில் உபதேசம் செய்யவில்லை. தூதன் தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்றான். அவன் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் தூங்கினான். இன்னொரு முறையும் சாப்பாடு வந்தது. தேவன் அவனோடு பேசிய அமர்ந்த மெல்லிய சத்தம் அதற்கெல்லாம் பிறகு, ஓரேப் மலையில்தான். களைத்த உடலை ஆவிக்குரிய குறைவாக எண்ணித் தங்களை வருத்திக்கொள்ளும் விசுவாசிகளை நான் அடிக்கடி சந்திப்பதால் இதைச் சொல்கிறேன்.

நெல்லைச் சீமை

ஒவ்வொருவருக்கும் என் நன்றி. ஆலோசகர் கேட்டதற்குப் பதில்: உறக்கமும் உணவும் சரியாகவே இருக்கின்றன, பிள்ளைகளோடு மகிழ்ச்சியாகவே இருக்கிறேன். ஆனாலும் கேட்டது நல்லது.

அட்டவணையை மூடிவிட்டு 13-ஆம் சங்கீதத்தில் இருந்துவருகிறேன். செவிலிச் சகோதரியின் வழியைப் பின்பற்றி, ஒவ்வொரு மனுவையும் திறக்கும்போது மேலே உள்ள பெயரை மனதுக்குள் வாசிக்கிறேன். முதியோர் உதவித்தொகை மனுக்கள் என் பிரிவுக்கு வருகின்றன. ஒரு நகல் குறைந்தால், குறைபாடு என்று எழுதித் திருப்பி அனுப்புவது வழக்கம்; விதிப்படி அதில் தவறில்லை. ஆனால் பெயரை வாசித்துவிட்டால் அப்படி அனுப்பக் கை வரவில்லை. எந்த நகல், எங்கே வாங்க வேண்டும் என்று ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி மனுவோடு இணைத்துக் கொடுக்கிறேன். வந்த அம்மா ஒருவர் அந்தத் தாளை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு போனார். எதைச் செய்தாலும் மனுஷருக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே செய்யுங்கள் என்ற கொலோசெயர் வசனத்தை எத்தனையோ முறை வாசித்திருந்தும், என் மேசையோடு அதை இணைத்துப் பார்த்ததில்லை.

ஆன்ம ஆய்வில்தான் சிக்கல். நாளை நினைத்துப் பார்க்க உட்கார்ந்தால் வேறு எதுவும் வருமுன் என் அண்ணன் வந்துவிடுகிறார். பாகப்பிரிவினையில் ஏற்பட்ட மனத்தாங்கலால் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை. ஒரே ஆலயத்தில், வெவ்வேறு பக்கத்தில் உட்கார்ந்து, ஒரே பாத்திரத்திலிருந்து திருவிருந்து எடுக்கிறோம். இது என் கேள்விக்குச் சம்பந்தமில்லாத குடும்ப விவகாரம் என்று ஒதுக்கப் பார்த்தேன், ஒதுங்க மறுக்கிறது.

நாசரேத் ஆசிரியை

தம்பி, அது சம்பந்தமில்லாத விவகாரம் அல்ல. உங்கள் முதல் பதிவில் நீங்கள் கேட்ட கேள்விக்கு மிக அருகில் இருப்பது அதுதான். மத்தேயு 5-இல் ஆண்டவர், பலிபீடத்துக்கு முன் காணிக்கையோடு நிற்கிறவனை, அந்தக் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போகச் சொல்கிறார். முன்பு சகோதரனோடு ஒப்புரவாகி, பின்பு வந்து செலுத்தச் சொல்கிறார். உன்பேரில் குறை உண்டென்று அங்கே நினைவுகூருவாயாகில் என்ற வார்த்தையைக் கவனியுங்கள். ஆராதனை செய்கிற இடத்தில்தான் நினைவு வருகிறது. உங்களுக்கும் ஜெபத்தில் அமர்ந்தபோதுதான் வந்திருக்கிறது. ஜெபம் வறண்டுபோனதன் காரணங்களில் இதுவும் ஒன்றாக இருக்கக்கூடும். உறுதியாகச் சொல்ல நான் யார்? ஆனால் தேவன் உங்களோடு பேசுவதில்லை என்று நீங்கள் எண்ணிக்கொண்டிருக்கிற நேரத்தில், அவர் இரவுதோறும் ஒரே பெயரைச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது.

மதுரை விசுவாசி

ஆமென். பாவத்தையும் நீதியையும் குறித்து உணர்த்துகிறவர் ஆவியானவரே என்று யோவான் 16-இல் வாசிக்கிறோம். நான் நிரப்புதலைப் பற்றி எழுதினேன். அவர் உணர்த்துதலிலிருந்து தொடங்கியிருக்கிறார்.

நெல்லைச் சீமை

வீட்டுக்கே போய்ப் பேசலாமா, ஆயர் ஐயாவை நடுவில் வைத்துப் பேசலாமா என்று தெரியவில்லை. போனால் பழைய கணக்கு மறுபடியும் கிளம்பும். அவர் ஏற்காவிட்டால் என்ன செய்வது?

நாசரேத் ஆசிரியை

முதலில் தனியாகப் போங்கள். மத்தேயு 18-உம் அந்த ஒழுங்கைத்தான் தருகிறது: முதலில் இருவர் மட்டும், அது பலிக்காவிட்டால்தான் சாட்சிகள், அதன் பிறகே சபை. முதல் சந்திப்பிலேயே ஆயரை அழைத்துப் போனால் அண்ணன் அதைப் பஞ்சாயத்து என்றுதான் எடுத்துக்கொள்வார். நிலத்தைப் பற்றிப் பேச வேண்டாம். அது வக்கீலிடமோ வேறிடத்திலோ தன் போக்கில் நடக்கட்டும். விட்டுக்கொடுப்பதா வேண்டாமா என்பது தனிக் காரியம். இத்தனை நாள் பேசாமல் இருந்தது எனக்குப் பாரமாக இருக்கிறது அண்ணே என்பதை மட்டும் சொல்லிவிட்டு, மதினியிடமும் பிள்ளைகளிடமும் நலம் விசாரித்துவிட்டு வந்துவிடுங்கள். அவர் ஏற்காவிட்டால் நீங்கள் தோற்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். கூடுமானால் உங்களாலானமட்டும் சமாதானமாயிருங்கள் என்றுதான் பவுல் ரோமருக்கு எழுதுகிறார், உங்களாலானமட்டும் என்ற எல்லையை அவரே போட்டிருக்கிறார். அடுத்த திருவிருந்து ஞாயிற்றுக்கு முன் போய்வருவது நல்லது. சனிக்கிழமை சாயங்காலம் அவர் வீட்டில் இருப்பாரா என்று விசாரித்துக்கொண்டு போங்கள்.